கேட்டுக் கொட்டகையில் ஒரு கூடு

மலாயாவின் கேமரன் மலையில் வருடக் கடைசி மழை பிடித்தால் லேசில் விடாது. சுவர் வியர்க்கும். தீப்பெட்டி நமத்துப்போகும். என் மீசையில்கூடப் பூசணம் பூத்திருக்கும், மீசை என்று ஒன்று எனக்கு இருந்திருந்தால். தை மாதம் பாதியில் ஒருநாள் காலை திடீரென்று வானம் வெளுக்கும். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் அவை வந்துவிடும்.

அவை என்றால் ஒரு ஜோடிக் குருவி. முதுகு கருநீலம், நெற்றியிலும் தொண்டையிலும் வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரிச் செம்பழுப்பு. மலாய்க்காரர்கள் லாயாங்-லாயாங் என்பார்கள். நாங்கள் லாயாங் குருவி என்று சொல்லி அதை நம்ம ஆளாக்கிக்கொண்டோம். தகைவிலான் என்று அதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் இருப்பதை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். அதற்குள் எனக்கு அந்தக் குருவியோடும் சகவாசம் விட்டுப்போயிருந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டில் நான், என் அக்கா, அக்கா புருஷனான மச்சான் மூவரும் குடியிருந்தோம்; அக்காவின் இரண்டு பிள்ளைகள் பிறகு வந்தார்கள். வாசல் கதவுக்கு நேர் மேலே, கூரை விளிம்புக்கு அடியில், அந்த ஜோடி கூடு கட்டும். ஓடையில் இறங்கி அலகு நிறையச் சேறு எடுத்துவந்து, பொட்டுப் பொட்டாக ஒட்டி, பாதி உடைத்த தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஒன்றை முடிக்க அவற்றுக்குப் பத்து நாள் பிடிக்கும். நானும் மச்சானும் கவாத்துக் கும்பலில் தேயிலைச் செடி வெட்டுகிற ஆட்கள். வேலை முடிந்து வந்து வாசலில் குந்தி அண்ணாந்து பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அண்ணாந்து பார்க்கிறவன் வாயைத் திறந்துகொண்டு பார்க்கக் கூடாது என்பதை மூன்று தடவை அனுபவப்பட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசர காலம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு எங்களால் சோறு போய்விடக் கூடாது என்று, ஆங்காங்கே மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடந்த லயங்களை இடித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்து, சுற்றி முள்கம்பி போட்டார்கள். எங்களுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். குருவிகளுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

அடுத்த தையில் அவை எப்படி வழி கண்டுபிடிக்கும் என்பது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. ஊரே நாட்டு நிலைமையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது நான் இதற்குக் கவலைப்பட்டேன். புது வீட்டின் கூரைக்கடியில் ஒரு பலகை அடித்து, ஓடைச் சேற்றைக் குழைத்து, என் கையாலேயே ஒரு கூடு செய்து ஒட்டினேன். பார்ப்பதற்குச் சாணி அறைந்த மாதிரி இருந்தது.

"இதுல எந்தக் குருவிடா வந்து குந்தும்?" என்றார் மச்சான். "பேசாம நீயே ஏறி உக்காந்துக்க. உங்கக்கா கீழ இருந்து சோத்த உருட்டிப் போடுவா."

அந்த வருடம் அதில் ஒரு பல்லி குடியேறியது. குருவி வரவில்லை.

அதற்கடுத்த வருடம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்கு இல்லை. முள்கம்பி வேலிக்கு ஒரே ஒரு கேட்டு. அதன் பக்கத்தில் காவல்காரர்களுக்குத் தகரக் கூரை போட்ட கொட்டகை. விடிய விடிய அங்கே விளக்கு எரிவதால் பூச்சிக்குப் பஞ்சமில்லை. அந்த ஜோடி எங்களையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் போய் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. அதே ஜோடிதானா என்று கேட்காதீர்கள். பெண்குருவியின் வால் ஓர் ஓரத்தில் முறிந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நான் நம்பினேன். நான் நம்பியவற்றின் பட்டியலை இந்தக் கதை முடிவதற்குள் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கேட்டில் பகலில் காவல் நின்றவன் என் சிநேகிதன். ஒன்றாகக் கவாத்து வெட்டியவன், எனக்குப் பக்கத்து நிரை. ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு ஆள் எடுத்தபோது கத்தியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டான். போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்போம். மற்ற மாத்தாக்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிற நான், இவனைக் கண்டால் மட்டும் சல்யூட் அடிப்பேன், இடது கையால்.

"ஏய் பங்காளி, இங்க வா லா," என்று ஒருநாள் மாலை அவன் கூப்பிட்டான். "ஒன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க பாரு."

அண்ணாந்து பார்த்தேன். தகரத்துக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஈரம் காயாத சேறு, கைப்பிடி அளவு. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவன் தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டிக்கொண்டேன். அவன் பதறிப்போய்ப் பிடுங்கினான்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும், ஊரடங்குக்கு முந்திய அந்த ஒன்றரை மணி நேரம், என் இடம் அந்தக் கொட்டகைதான். எனக்கென்று ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வைத்தான். என் சவரக் கண்ணாடியை மூங்கில் குச்சியில் கட்டி, கூட்டுக்கு மேலே நீட்டி, முட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். நான் குச்சியைப் பிடிப்பேன், அவன் எண்ணுவான். முதல் முட்டை, இரண்டாவது, மூன்றாவது. வெள்ளையில் பழுப்புப் புள்ளி. நான்காவது வந்த அன்று எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். அவன் யாருக்கும் சிகரெட் கொடுத்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நட்பு முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குருவி அடைகாக்கும்போது பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் மனிதன் பேசத்தானே வேண்டும்? எனக்குச் சும்மா இருந்தால் வாய் ஊறும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி ரோல்கால் எடுக்கும்போது மூக்கால் பேசுவதைப் பேசிக் காட்டினேன். துரை வழுக்கி விழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுந்த விதத்தை நடித்துக் காட்டினேன். எந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை, யார் தானா ராத்தா டவுனுக்குப் போய்விட்டு லாரியைத் தவறவிட்டு ஊரடங்கு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று அழுதது, எல்லாம் என் வாயில் வந்துவிடும். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்பான். என் வாழ்நாளில் அவனைப்போல அழகாக "அப்பறம்?" என்று கேட்டவர்கள் கிடையாது.

அப்போது சோறு விஷயம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரிசியை யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பொதுக் கொட்டகையில் பெரிய அண்டாக்களில் பொங்கி, சோறாகத்தான் தருவார்கள். வேலைக்குப் போகும்போது ஒரு பருக்கை கேட்டைத் தாண்டக் கூடாது. விடிகாலையில் தின்றுவிட்டுக் கிளம்பினால் மறுபடி உள்ளே வந்துதான் சாப்பாடு. ஆண்களை மாத்தாக்கள் தடவிப் பார்ப்பார்கள், பெண்களைத் தடவ ஒரு பெண். எனக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை, நான் ஓணான் உடம்பு. மச்சானோ ஆறடி ஆள், கவாத்தில் இரண்டு பேர் வேலை செய்பவர். பத்து மணிக்கெல்லாம் அவருக்குக் கை நடுங்கும். கவாத்துக் கத்தி நடுங்கினால் அடுத்து வெட்டுப்படுவது செடியாக இருக்காது.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மழைக்கும் குளிருக்கும் நாங்கள் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொள்வோம். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளினால் தலைக்குக் குல்லாய் மாதிரி ஆகிவிடும், மிச்சம் முதுகை மூடும். அந்த இரண்டு மூலைகளுக்கும் நடுவில் ஒரு பை மாதிரி இடம் இருக்கும். அதில் ஒரு பிடி சோற்றைத் துணியில் உருட்டி வைத்துக்கொள்வார். தேடுகிறவன் மடியைத் தேடுவான், இடுப்பைத் தேடுவான், நெற்றிக்கு மேலே எவன் தேடப்போகிறான்? பத்து மணிக்குத் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து, நான்கு வாயில் முடித்துவிட்டு எழுந்துகொள்வார். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

குஞ்சு பொரித்த வாரம் அது. நான்கு சிவந்த வாய்கள் கூட்டின் விளிம்பில் திறந்து திறந்து மூடின. தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்தன. அவன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான்.

"பங்காளி, கால் மணி நேரத்துல பதினோரு தடவ வந்துருச்சுடா. பாவம், நிக்கவே மாட்டேங்குது."

நான் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். நல்ல வசனம் வாயில் வந்து நிற்கும்போது அதை விழுங்குகிற புத்தி எனக்கு இருந்ததில்லை.

"அது வாயில தூக்கிட்டு வருது, எங்க மச்சான் தலையில தூக்கிட்டுப் போறாரு. அதுக்காச்சும் வீட்ல நாலு வாய். எங்க மச்சானுக்கு ஒரே வாய், ஆனா நாலு வாய்க்குத் திங்கும்."

"தலையிலயா?"

எழுந்து நின்று கொங்காணியை மாட்டுகிற மாதிரி நடித்தேன். சோற்றைச் செருகி, மூலையைச் சரிசெய்து, முகத்தைச் சாமியார் மாதிரி வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்து காட்டினேன். அவன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அப்படி ஒரு பெருமை.

இரண்டு நாள் கழித்து, காலையில் வரிசையில் நின்றோம். மச்சானுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பேர். கேட்டில் அவனோடு ஒரு வெள்ளைக்காரரும் நின்றார், புது முகம். முன்னால் போனவர்களையெல்லாம் வழக்கம்போல இடுப்பைத் தட்டிவிட்டு அனுப்பினான். மச்சான் கையைத் தூக்கி நின்றார். அவன் இடுப்பைத் தொடவில்லை. மடியைத் தொடவில்லை. நேராகக் கையை உயர்த்திக் கொங்காணியைக் கழற்றினான், இரண்டு மூலைகளுக்கும் நடுவில் விரலை விட்டான், துணி உருண்டையை வெளியே எடுத்தான். எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு தடவை இருமி முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

தலைக்கு மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சோற்றைப் பார்த்துத்தான் கத்துகின்றன என்று எனக்குப் பைத்தியக்காரத்தனமாக ஓர் எண்ணம் வந்தது. அவன் என்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். ஒரு கண்ஜாடை, உதட்டில் ஓர் அசைவு, ஏதாவது ஒன்று. அவன் பார்க்கவில்லை. மச்சான்தான் திரும்பிப் பார்த்தார், யாரையோ தேடுகிற மாதிரி வரிசை முழுவதையும். அவரை மட்டும் போலீஸ் லாரியில் ஏற்றினார்கள். என் முறை வந்தது. அவன் என் இடுப்பைத் தட்டினான். "போ," என்றான்.

அக்காவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "கப்பல் ஏத்திருவாங்களாடா?" என்பதுதான். காட்டுக்குச் சோறு கொண்டுபோனவர் என்று முடிவாகிவிட்டால் ஊரைவிட்டே அனுப்பி இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. மச்சான் பிறந்தது இந்த மலையில். அக்கரையில் அவருக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. அக்காவுக்கு மடியில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு பிள்ளைகள். "அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க," என்று பெரிய வக்கீல் மாதிரிச் சொன்னேன்.

அன்று மாலை கொட்டகைக்குப் போனேன். என் மண்ணெண்ணெய்ப் பெட்டி போட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

"வா பங்காளி. கண்ணு தொறந்துருச்சு, பாக்குறியா?" என்றான், கண்ணாடிக் குச்சியை நீட்டியபடி.

"ஏன்டா?" என்றேன்.

குச்சியைக் கீழே வைத்தான். "நானா கேட்டேன்? நீயாத்தான சொன்ன."

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டா. அவரு பசிக்குத் திங்கறாரு. ஒனக்குத் தெரியாதா? பக்கத்து நிரையில நின்னு வெட்டுனவன்டா நீ."

"தெரியும். ஆனா வாரத்துக்கு ஒரு தாளு எழுதிக் குடுக்கணும். லயத்துல என்ன நடக்குது, யாரு என்ன பேசுறாங்க. எழுத ஒண்ணும் இல்லன்னா இவன் கேட்டுக்கு லாயக்கில்லன்னு காட்டுக்குள்ள ரோந்துக்கு அனுப்பிடுவாங்க. போன மாசம் போன பையன் எப்படித் திரும்பி வந்தான்னு நீதான பாத்த?"

பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் வந்தான்.

"அப்ப வாரா வாரம் எழுதுனியா? நான் பேசுனதையெல்லாம்?"

"நீ பேசுனாத்தான் எழுத நல்லா வருது," என்றான். அதில் கேலி இல்லை. பாராட்டாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை.

"பசிக்குத்தான் தின்னாருன்னு இன்னொரு தாளு எழுதிக் குடு. ஒன் கால்ல விழறேன்."

"எழுதுனா முன்னாடி எழுதுனது பொய்யாயிடும் லா. அப்பறம் என்னைக் கேப்பாங்க."

கிளம்பத் திரும்பினேன். பிறகு, என் புத்தி அப்படி, கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"குருவி மேல ஒனக்கு ஆசை இருந்துச்சா இல்லையா? அதையாச்சும் சொல்லு."

அவன் தொப்பியைக் கழற்றி, அதன்மேல் காய்ந்திருந்த எச்சத்தை நகத்தால் சுரண்டினான். "எனக்கென்னடா குருவி. கட்ட ஆரம்பிச்ச அன்னிக்கே இடிச்சுத் தள்ளச் சொல்லிட்டாரு கார்ப்ரல். நான்தான் விட்டுவைங்கன்னு கெஞ்சி வாங்குனேன். அத இடிச்சிருந்தா நீ இங்க வந்து உக்காந்திருப்பியா?"

மச்சானைப் பிடித்தது ஒரு மாத்தாவின் வேலை என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். பயந்தவன் செய்கிற காரியம் என்று ஒருநாள் மன்னித்தும் இருப்பேன். ஆனால் குச்சியும் கண்ணாடியும், நான்காவது முட்டைக்குக் கிடைத்த அந்த சிகரெட்டும், கால் மணி நேரத்தில் பதினோரு தடவை என்று எண்ணிச் சொன்ன அந்தக் குரலும்! எலிக்குக் கருவாடு வைக்கிறவன்கூடக் கருவாட்டை ரசிப்பதாகப் பாசாங்கு செய்யமாட்டான்.

இனி அந்தப் பக்கம் தலை தூக்குவதில்லை என்று சபதம் செய்தேன். என் ரோஷத்துக்கு ஆயுள் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை அவன் என் இடுப்பைத் தட்டும்போது கண் தானாக மேலே போய்விட்டது. குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்திருந்தது. அவன் மெதுவாக, "நாளைக்குப் பறந்துரும் போல," என்றான். அவன் சொன்னதுபோலவே மறுநாள் பறந்துவிட்டன.

மச்சான் வரவில்லை. மூன்று மாதம். முதல் மாதம் அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. மலைக்குக் கீழே எங்கோ ஒரு முகாம் என்று மட்டும் சொன்னார்கள். அக்கா ஒவ்வொரு வாரமும் என்னை உட்கார வைத்து மனு எழுதச் சொல்வாள். நான் தமிழில் எழுத, கிராணி அதை இங்கிலீஷாக்கித் துரையிடம் கொடுப்பார். அந்த மனுக்களில் நான் ஒரு வேடிக்கைகூட எழுதவில்லை. எழுதும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பாவி காட்டிக் குடுத்தான்னு தெரியலையேடா," என்பாள். நான் பென்சிலைச் சீவுவேன். மூன்று மாதத்தில் எட்டுப் பென்சில் சீவியே தீர்ந்தது.

கடைசியில் காப்பாற்றியது மனு இல்லை. கவாத்துக் கும்பலை மேய்க்கிற எங்கள் கங்காணி. அந்த மனிதர் எல்லாரையும் திட்டுவார், என்னைக் கொஞ்சம் கூடுதலாக. அவர் துரையோடு நேரில் போய், "தெனம் பத்து மணிக்கு இவன் செடிக்குள்ள குனிஞ்சு திங்கறத என் கண்ணால பாத்திருக்கேன், பசிக்கிறவன்னு தெரிஞ்சு பாக்காத மாதிரி போயிருக்கேன்," என்று சாட்சி சொன்னாராம். அதைச் சொன்னால் தன் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்துதான் சொன்னார். அத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அவர் வாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

மச்சான் வந்த அன்று பாதி ஆளாக வந்தார். சட்டை ஆணியில் தொங்குவதுபோலத் தோளில் தொங்கியது. மாலையில் குழாயடிக்குக் குளிக்கப் போனார், நான் வாளி தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதுகு தேய்த்துவிட்டேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்..."

"அங்க ஒருத்தன் தாளப் பாத்து வாசிச்சாண்டா," என்றார் அவர், திரும்பாமலே. "ஒரு தமிழாள் பக்கத்துல நின்னு எனக்குத் திருப்பிச் சொன்னான். குருவி வாயில தூக்கிட்டு வருது, இந்த ஆளு தலையில தூக்கிட்டுப் போறான். அதுக்கு நாலு வாய், இவனுக்கு ஒரு வாய், ஆனா நாலு வாய்க்குத் திங்கும். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. எனக்கும் வந்துருச்சு. சிரிச்சுட்டேன்டா நான், அந்த எடத்துல, கைய கட்டி நிக்கும்போது. அப்பறம்தான் இந்த மாதிரிப் பேச நம்ம தோட்டத்துல வேற யாரு இருக்கான்னு ரோசனை வந்துச்சு."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தேயி," என்றார்.

தேய்த்தேன். மூன்று மாதமும் அவர் அதைத் தெரிந்துகொண்டே அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் யாரிடம் சொன்னேன், எப்படிச் சொன்னேன், எந்தக் கூட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஏமாந்தேன் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். என் விளக்கம் அந்தச் சத்தத்தில் போயிற்று. இன்னொரு வாளி ஊற்றிக்கொண்டார். நான் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்குள் அக்கா சோற்றைத் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தாள். அன்றைக்குச் சந்தோஷத்தில் அவளுக்குக் கை கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவருக்குக் கருவாட்டின் நடுத்துண்டு, எனக்கு அதற்கடுத்த துண்டு. அவர் நான்கு வாய் தின்னும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு சொன்னான்னு அங்க தெரிஞ்சுதாங்க?"

நான் சோற்றைப் பிசைந்தேன். பிசைய வேண்டிய அளவுக்கு அதில் குழம்புகூட இல்லை.

"தெரியல," என்றார் மச்சான். "எவனோ ஒரு நாயி."

"அந்த நாயி வாயி புழுத்துப் போக!" என்றாள் அக்கா. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அவன் நாக்கு அழுக வேண்டும், அவன் சோறு மண்ணாக வேண்டும், அவன் குடும்பம் தெருவில் நிற்க வேண்டும். மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டா சும்மா கெளறிக்கிட்டு இருக்க? எளச்சுப் போயிட்ட. இன்னும் கொஞ்சம் போடவா?"

வேண்டாம் என்றேன். பிறகு தட்டை நீட்டினேன்.